கணினி தேடும் மருந்து: இதயத்தில் எதுவரை, கல்லீரலில் எதுவரை

"30 நாளில் கல்லீரல் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தது ஏஐ" என்ற செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாமாவுக்குக் கல்லீரல் புற்று, அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு. கணினி ஆராய்ச்சி இந்த இரண்டு நோய்க்கும் உண்மையில் என்ன செய்திருக்கிறது, வீட்டில் இருக்கும் நோயாளிக்கு அதில் இன்றைக்கு ஏதாவது கிடைக்குமா என்பது கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு உறுப்புக்கும் பதில் வேறு வேறு.

இதயத்தில் கணினி நன்றாகவே வேலை செய்கிறது. சில இடங்களில் டாக்டர் ஸ்டென்ட் வைப்பதா வேண்டாமா என்ற முடிவையே அது மாற்றுகிறது. கல்லீரல் புற்றில் அந்த நிலைமை இன்னும் வரவில்லை. இன்று மாமாவுக்கு எழுதித் தரக்கூடிய முக்கிய மருந்துகள் எதுவும் கணினித் தேடலில் தொடங்கியவை அல்ல. இரண்டு துறையிலும் ஆட்களும் திறமையும் இருக்கிறார்கள். ஆனால் இதயத்துக்குச் சமன்பாடு இருக்கிறது. கல்லீரல் புற்றுக்கு இருப்பது தரவு மட்டும்தான். எல்லாமே இந்த வித்தியாசத்தில்தான் வந்து நிற்கிறது.

முதலில் அந்த 30 நாள் செய்தி. அது பொய் இல்லை. 2023 ஜனவரியில் 'கெமிக்கல் சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. இன்சிலிகோ மெடிசின் நிறுவனமும் டொராண்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. கல்லீரல் புற்றுக் கட்டிகளின் மரபணுத் தரவை மென்பொருளில் அலசி, சிடிகே20 என்ற புரதத்தைத் தாக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அந்தப் புரதத்தின் வடிவத்தை அதுவரை யாரும் சோதனை செய்து கண்டறிந்திருக்கவில்லை. அதனால் ஆல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐ மென்பொருள் கணித்துத் தந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். அந்த வடிவத்தில் பொருந்தக்கூடிய மூலக்கூறுகளை இன்னொரு மென்பொருள் உருவாக்கித் தந்தது. அவற்றில் 7 மூலக்கூறுகளை மட்டும் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார்கள். ஒன்று ஒட்டியது. எந்தப் புரதம் என்று முடிவு செய்ததிலிருந்து இதுவரைதான் அந்த 30 நாள்.

ஒட்டியது எவ்வளவு? 9 மைக்ரோமோலார் அளவில். இந்த எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. மருந்தாகும் அளவுக்கு வர நானோமோலார் கணக்கில் இறங்க வேண்டும் (ஆயிரம் நானோமோலார் சேர்ந்தது ஒரு மைக்ரோமோலார்). இரண்டாம் சுற்றில் சுமார் 570 நானோமோலாருக்கு இறக்கிவிட்டார்கள். ஹெச்யூஎச்7 என்ற கல்லீரல் புற்றுச் செல்களின் வளர்ச்சியையும் அந்த இரண்டாம் மூலக்கூறு தடுத்தது. கட்டுரை அங்கே முடிகிறது. இதற்குப் பிறகு விலங்குச் சோதனை, நச்சுத்தன்மைச் சோதனை, மனிதர்களிடம் மூன்று கட்டச் சோதனை என்று வழக்கமாகப் பத்து வருடத்துக்கு மேல் போகும் பாதை முழுக்க மிச்சம் இருக்கிறது. மருந்து தேடும் பாதையின் முதல் மைல் வேகமாகியிருக்கிறது. அது சாதாரண விஷயம் இல்லைதான். ஆனால் செய்தித் தலைப்பு அந்த முதல் மைலை ஊர் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லிவிட்டது.

ஆல்ஃபாஃபோல்ட் பேர் வந்ததால் ஒரு சின்ன இடைச்செருகல். புரத வடிவத்தைக் கணிக்கும் வேலைக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கும் 2024இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். இவர்கள் போடும் ஒவ்வொரு மாதிரியும் சரியா என்று பார்க்க இன்றும் முதலில் எடுக்கும் அளவுகோல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் 1963இல் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம்தான். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளைய முடியும், எதில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பதை அது காட்டும். நம் ஊரில் ஏஐ பற்றிப் பேசும் பலருக்கும் இது தெரிவதில்லை என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

சரி, இந்த "பொருந்துகிறதா" என்று பார்க்கும் வேலைக்கு டாக்கிங் என்று பெயர். 1982இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இர்வின் குன்ட்ஸ் குழு தொடங்கி வைத்தது. இன்று ஆட்டோடாக் வினா போன்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் போட்டுக்கொண்டு கல்லூரி மாணவரே ஒரு மாலைக்குள் செய்துவிடலாம். புரதத்தின் ஒரு பள்ளத்தில் மூலக்கூறைப் பல விதமாகத் திருப்பி வைத்து, எந்த நிலையில் ஆற்றல் குறைவு என்று பார்த்து ஒரு மதிப்பெண் தரும். கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரிதான். பத்துப் பொருத்தமும் அமைந்தாலும் குடித்தனம் எப்படிப் போகும் என்று அதில் தெரியாது. மூலக்கூறு குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரலே அதை உடைத்துப் போடுமா, செல்லுக்குள் நுழையுமா, வேறு நூறு புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளுமா என்ற எதற்கும் அந்த மதிப்பெண்ணில் பதில் இல்லை. புரதமும் அசைந்துகொண்டே இருக்கும் பொருள். அதைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். வேகத்துக்காக மென்பொருள் இவற்றைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. "கீழாநெல்லியில் உள்ள இன்ன வேதிப்பொருள் கல்லீரல் புற்றை எதிர்க்கிறது, கணினி ஆய்வில் நிரூபணம்" என்ற மாதிரிச் செய்திகள் உங்களுக்கும் வந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்த்தால் டாக்கிங் மதிப்பெண் மட்டுமே இருக்கும். கீழாநெல்லிக்கு இதைவிடப் பெரிய சரித்திரமே இருக்கிறது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு மனிதச் சோதனையையே வெளியிட்டது. கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத போலி மருந்து கொடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. மனிதர்களிடம் கிடைத்த முடிவே இப்படி நழுவும்போது, திரையில் வந்த மதிப்பெண்ணை நம்பி யாரும் மருந்தை மாற்றக் கூடாது.

அதற்காக மூலிகைகளைக் கணினியில் தேடுவதே வீண் என்று சொல்லவில்லை. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 'இம்பாட்' என்று ஒரு தரவுத்தளம் நடத்துகிறது. அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகளும் அவற்றிலுள்ள 17,967 வேதிப்பொருட்களும் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதை எடுத்து ஆய்வுக்கூடத்துக்குப் போவது என்று முடிவு செய்ய இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. தொடக்கம் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

கல்லீரல் புற்றில் எனக்குப் பிடித்த கணினி ஆய்வு வேறொன்று. 2017இல் 'கேஸ்ட்ரோஎன்டராலஜி' இதழில் வந்தது. அவர்கள் புரதப் பள்ளத்தில் எதையும் பொருத்திப் பார்க்கவில்லை. கல்லீரல் கட்டியில் எந்த மரபணுக்கள் அதிகம் வேலை செய்கின்றன, எவை அடங்கிப்போயிருக்கின்றன என்ற பட்டியல் பொதுத் தரவுத்தளத்தில் இருக்கிறது. ஏற்கெனவே கடைகளில் உள்ள மருந்துகளைச் செல்லில் போட்டால் எந்த மரபணு ஏறும், எது இறங்கும் என்ற பட்டியலும் இருக்கிறது. இரண்டையும் எதிரெதிரே வைத்து, நோய் ஏற்றியதை இறக்கி, இறக்கியதை ஏற்றும் மருந்து எது என்று தேடினார்கள். வந்த பதில் நிக்லோசமைடு. நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் பழைய மருந்து! ஆனால் அது குடலிலேயே தங்கிவிடும், ரத்தத்தில் சரியாக ஏறாது. புழுவைக் கொல்ல அது நல்ல குணம், கல்லீரலுக்குப் பெரிய குறை. அதனால் அதன் எத்தனாலமைன் உப்பை எடுத்து, மனிதக் கட்டி வைத்து வளர்த்த எலிகளில் கொடுத்தார்கள். கட்டியின் வளர்ச்சி குறைந்தது. இதுவும் எலி அளவில் உள்ள முடிவுதான். ஆனாலும் கேள்வி கேட்ட விதத்தில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. கணினி சொன்னதை வேதியியல் ஆட்கள் அப்படியே ஏற்காமல், மருந்து உடம்பில் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்ததும் அதில் அடக்கம்.

இப்போது நோயாளிக்கு உண்மையில் கிடைத்த மருந்தின் கதையைப் பாருங்கள். 2007இல் கல்லீரல் புற்றுக்கு அனுமதி பெற்ற சோராஃபெனிப், அந்த நோயில் ஆயுளை நீட்டித்த முதல் மாத்திரை. அது வந்தது ஆய்வுக்கூடத்தில் சுமார் 2 லட்சம் வேதிப்பொருட்களை ராஃப் என்ற நொதியின் மேல் இயந்திரம் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்ததில். கிடைத்த பலவீனமான ஒன்றை வேதியியல் ஆட்கள் கையால் செதுக்கித் தேற்றினார்கள். 602 பேரிடம் நடந்த சோதனையில் சராசரி நோயாளியின் ஆயுள் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமானது. அவ்வளவுதான், ஆனால் அதற்கு முன்னால் அதுவும் இல்லை. நம் நாட்டில் அதன் விலை மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாயாக இருந்தது. 2012 மார்ச்சில் இந்தியாவின் முதல் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை இருந்தும் வேறு நிறுவனம் அந்த மருந்தைச் செய்ய அரசு தரும் அனுமதி, நாட்கோ நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு 8,880 ரூபாய்க்கு இறங்கியது. நோயாளியின் கைக்கு மருந்து போய்ச் சேர்ந்ததில் எந்த மென்பொருளையும்விட அந்த உத்தரவுக்குப் பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

சோராஃபெனிபுக்குப் பின்னால் சுனிடினிப், பிரிவானிப், லினிஃபனிப், எர்லோடினிப் என்று வரிசையாகப் பெரிய சோதனைகளில் தோற்றன. 2020இல் அட்டிசோலிசுமாப், பெவசிசுமாப் இரண்டும் சேர்ந்த ஊசிச் சிகிச்சை வந்து, அந்தச் சோதனையில் சோராஃபெனிப் எடுத்தவர்களுக்கு இருந்த 13.4 மாத ஆயுளை 19.2 மாதத்துக்குக் கொண்டுபோனது. அது நோய் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிய பல பத்தாண்டு ஆராய்ச்சியின் பலன்.

ஏன் கல்லீரல் இவ்வளவு அடம் பிடிக்கிறது? முதல் காரணம், அது ஒரே நோய் இல்லை. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மது, கொழுப்பு படிந்த கல்லீரல் என்று வெவ்வேறு வழியாக வந்து சேருகிறது. கட்டிகளில் அடிக்கடி காணும் டெர்ட், டிபி53, பீட்டா-கேட்டனின் ஆகிய மரபணு மாற்றங்கள் மூன்றும், மருந்து போய் உட்கார வசதியான பள்ளம் இல்லாதவை. டாக்கிங் செய்ய இடமே இல்லை என்றால் கணினி என்ன செய்யும்? இன்னொன்று, பெரும்பாலான நோயாளிகளுக்குக் கட்டிக்குக் கீழே ஏற்கெனவே சுருங்கிப்போன கல்லீரல் இருக்கிறது. கட்டியை அடக்கும் அளவு மருந்து கொடுத்தால் மிச்சக் கல்லீரல் தாங்காது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதக் கூடிய சமன்பாடு இன்றைக்கு யாரிடமும் இல்லை.

இதயத்துக்கு அது இருக்கிறது. 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் நரம்பில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்பதைச் சமன்பாடாக எழுதினார்கள். கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் போட்ட கணக்கு. அதை இதயச் செல்லுக்குக் கொண்டுவந்தவர் டெனிஸ் நோபிள். அப்போது லண்டனில் ஆராய்ச்சி மாணவர், இருபதுகளின் தொடக்க வயது. பல்கலைக்கழகத்தின் மெர்க்குரி கணினியில் அவருக்குக் கிடைத்த நேரம் இரவு 2 மணி முதல் 4 மணி வரை. 1960இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது: கணினிக்குள் ஓர் இதயச் செல் துடித்தது. இன்றைய கணினி இதயங்கள் எல்லாம் அந்த வம்சம்தான்.

அதன் பலன் மருந்துக் கடை வரை வந்திருக்கிறது. 1990களில் டெர்ஃபெனடின் என்ற அலர்ஜி மாத்திரை சிலருக்குத் திடீர் இதயத் துடிப்புக் கோளாறை உண்டாக்கி, கடைசியில் திரும்பப் பெறப்பட்டது. இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் ஹெர்க் என்ற வாய்க்காலை அது அடைத்ததுதான் காரணம். அதிலிருந்து புது மருந்து எதுவானாலும் ஹெர்க் சோதனை கட்டாயமானது. அதிலும் ஒரு சிக்கல். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் வெராபமிலும் ஹெர்க்கை அடைக்கிறது, ஆனால் அந்த ஆபத்து வருவதில்லை. ஏனென்றால் அது கால்சிய வாய்க்காலையும் சேர்த்து அடைக்கிறது, ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. ஒரே வாய்க்காலைப் பார்த்தால் நல்ல மருந்தையும் தூக்கி எறிய வேண்டியதாகும். எல்லா வாய்க்காலையும் சேர்த்து எது ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கக் கணினிச் செல் நல்ல வழி. 2013இலிருந்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வழியை முன்னெடுக்கிறது. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு 62 மருந்துகளைக் கணினி இதயச் செல்களில் ஓட்டி, எது துடிப்பைக் கெடுக்கும் என்று 89 சதவீதம் சரியாகச் சொன்னது. விலங்குச் சோதனைகளில் கிடைத்தது அதிகபட்சம் 75 சதவீதம்.

உங்கள் இரண்டு நோயும் சந்திக்கும் இடமும் இதுதான். சோராஃபெனிப் ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயத்தின் மின்துடிப்பையும் நீட்டும். கல்லீரல் கட்டிக்குள் ரத்தக்குழாய் வழியே செலுத்தும் டாக்சோருபிசின் என்ற புற்று மருந்து இதயத் தசையைப் பாதிக்கக் கூடியது. அதனால் கல்லீரல் புற்றுக்குத் தேடும் ஒரு புது மூலக்கூறு கணினி இதயத்திலும் தேற வேண்டியிருக்கிறது.

இதயத்தில் மருந்துத் தேடலுக்கும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. நம் ஊர்ச் சுருட்டை விரியனின் விஷத்தில் எகிஸ்டாட்டின் என்று ஒரு சிறு புரதம். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அது தடுக்கும். அதில் வேலை செய்யும் பகுதி மூன்று அமினோ அமிலங்கள்தான். மெர்க் நிறுவனத்தில், அந்த மூன்றின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தையும் மின்னூட்டத்தையும் கணக்கில் வைத்து, தங்கள் வேதிப்பொருள் கிடங்கை அந்த மாதிரியால் தேடினார்கள். அதிலிருந்து வளர்ந்த டைரோஃபிபான் 1998இல் அனுமதி பெற்றது. மாரடைப்பில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும்போது இன்றும் பயன்படுகிறது. இங்கே கணினிக்கு வேலை எளிதாக இருந்தது, ஏனென்றால் எது வேண்டும் என்று பாம்பு ஏற்கெனவே சொல்லியிருந்தது.

உங்கள் அப்பா விஷயத்துக்கு நேராக வருவது இன்னொரு கணக்கு. ஆஞ்சியோவில் 70 சதவீத அடைப்பு என்று தெரிந்தாலும், அது உண்மையில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா என்பது வேறு கேள்வி. மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளப்பார்கள். எஃப்எஃப்ஆர் என்று பெயர். 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கிறது என்று கணக்கு. 2009இல் 1,005 பேரிடம் நடந்த ஃபேம் ஆய்வில், கண்ணால் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களைவிட இப்படி அளந்து வைத்தவர்களுக்கு ஸ்டென்டும் குறைவு, பிறகு வந்த சிக்கலும் குறைவு. ஸ்டான்ஃபோர்டின் சார்லஸ் டெய்லர் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். சிடி படத்திலிருந்து அந்த நோயாளியின் ரத்தக்குழாய்களைக் கணினியில் கட்டி, திரவ ஓட்டச் சமன்பாடுகளை ஓட்டி, கம்பியே விடாமல் அந்த எண்ணைக் கணக்கிடுவது. அவர் தொடங்கிய ஹார்ட்ஃப்ளோவுக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2017இல் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவைக்கும் பரிந்துரைத்தார்கள். குழாயில் சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தாலோ ஏற்கெனவே ஸ்டென்ட் இருந்தாலோ சிடி படம் மங்கும், கணக்கும் தடுமாறும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடாலியா ட்ரயனோவா செய்வதும் இதே வகை. மாரடைப்பு வந்தவரின் எம்ஆர்ஐ படத்தில் தெரியும் தழும்பை வைத்து அவருடைய இதயத்தையே கணினியில் கட்டி, பல இடங்களில் தூண்டிவிட்டு, ஆபத்தான துடிப்பு சுழல்கிறதா என்று பார்க்கிறார். 2016இல் 41 நோயாளிகளின் பழைய தரவில் சோதித்தபோது, ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடம்புக்குள் பொருத்தும் ஐசிடி கருவி யாருக்குத் தேவைப்படும் என்பதை, இதயம் எத்தனை சதவீதம் ரத்தத்தைத் தள்ளுகிறது என்ற வழக்கமான அளவைவிட நன்றாகச் சொன்னது. சின்ன ஆய்வுதான், ஆனால் திசை சரி.

இனி நடைமுறை. அப்பாவுக்கு ஸ்டென்ட் என்று சொல்லியிருந்தால், அது அவசர மாரடைப்பு இல்லாத பட்சத்தில், "எஃப்எஃப்ஆர் அளந்தீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள். கம்பி வழியாக அளந்தாலே போதும். மாமாவுக்குக் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது, அதாவது கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் சைல்ட்-பியூ தரத்தில் ஏயா பியா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; புது மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் ஏ நிலையில் உள்ளவர்களைத்தான் சேர்க்கும். எந்தச் சோதனை எந்த ஊரில் நடக்கிறது என்று இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், அதாவது சிடிஆர்ஐ தளத்தில், காசில்லாமல் தேடலாம். "ஏஐ மருந்து" என்று யாராவது பணம் கேட்டால் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். நோய் ஹெபடைடிஸ் பியால் வந்தது என்றால், அத்தை, பிள்ளைகள், மாமாவின் உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, தொற்று இல்லாதவர்களுக்கு மூன்று தவணை தடுப்பூசி போட்டுவிடுங்கள். பெரியவர்கள் பலருக்குச் சின்ன வயதில் அதைப் போட்டிருக்க மாட்டார்கள்.